கார்ப் பொத்தானுக்குப் புது வேலை

காருக்குள் தொழிற்சாலையிலிருந்தே வரும் பொத்தான்களில் பெரும்பாலானவை தாமாக எந்த வேலையையும் செய்வதில்லை. அழுத்தியவர் கேட்பதை எங்கோ மறைந்திருக்கும் ஒரு மின்னணுப் பெட்டிக்குத் தெரிவிப்பதோடு அவற்றின் பொறுப்பு முடிகிறது. அலுவலக மேசையில் இருக்கும் அழைப்பு மணியைப் போல: மணி அடித்தால் ஆள் வருவார், தேநீரைக் கொண்டுவருவது மணி அல்ல. நைட்ரஸ் அமைப்பு, எக்ஸாஸ்ட் வால்வு, லைன் லாக், மெத்தனால் தெளிப்பான் என்று பிற்பாடு வாங்கிப் பொருத்தும் கருவிகளைக் காரின் சொந்தப் பொத்தான்களாலேயே இயக்குவது எப்படி என்ற கேள்விக்கான விடைகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. பொத்தான் கேட்டால் போதும். மின்சாரத்தைச் சுமப்பதும், கேட்டதைச் செய்யலாமா என்று முடிவெடுப்பதும் வேறு இடத்தில் நடக்க வேண்டும்.

புதுக் கருவிக்குப் புது சுவிட்ச் வைப்பதுதான் எளிது என்பதில் சந்தேகமில்லை. டாஷ்போர்டில் ஒரு துளை, அதில் ஒரு டாகிள் சுவிட்ச், இரண்டு வயர். அரை நாளில் வேலை முடிந்துவிடும். ஆனாலும் அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கார்களின் திறனைக் கூட்டும் பட்டறைகள் காரின் சொந்தப் பொத்தானையே நாடுவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. டாஷ்போர்டில் போட்ட துளையை மீண்டும் அடைக்க முடியாது. வண்டியை விற்கும்போது அது விலையைக் குறைக்கும். கடையில் வாங்கிய சுவிட்சுக்கு இரவில் ஒளிராத முகமும், பழைய அமைப்போடு ஒட்டாத தோற்றமும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலான காரணம் கை இருக்கும் இடம். பந்தயப் பாதையில் முழு வேகத்தில் போகும்போது கியர் லீவருக்குப் பின்னால் கையைத் துழாவுவதைவிட, ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருக்கும் பொத்தானை அழுத்துவது பாதுகாப்பானது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்பதற்காகவும் சிலர் இந்த வழிக்கு வருகிறார்கள். அது பொறியியல் காரணம் அல்ல.

1970களில் வந்த பல கார்களில் முகப்பு விளக்கின் சுவிட்ச் வழியாகவே விளக்கின் மின்சாரம் முழுவதும் ஓடியது. 55 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குச் சற்று மேல் ஆகும். அந்தச் சுமையைத் தாங்கும் சுவிட்ச் தடித்ததாக இருந்தது, சூடானது, சில ஆண்டுகளில் கருகவும் செய்தது. ரிலே வந்தபோது சுவிட்சின் சுமை குறைந்தது: சிறு மின்னோட்டம் ரிலேயின் சுருளுக்குப் போகும், சுருள் காந்தமாகி உள்ளே இருக்கும் தடித்த தொடர்பை மூடும். கார் ரிலேயின் அடியில் இருக்கும் 30, 85, 86, 87 என்ற எண்கள் ஜெர்மனியின் டின் 72552 தரநிலையிலிருந்து வந்தவை. 30 பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம். 87 கருவிக்குப் போவது. 85, 86 சுருளின் இரு முனைகள். உலகின் எந்த மூலையில் வாங்கிய ரிலேயானாலும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இந்த எண்களைப் பார்த்தே இணைப்பைக் கொடுத்துவிடுவார்.

அடுத்த மாற்றம் இன்னும் பெரியது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி வயர் இழுத்ததில் வயரிங் ஹார்னெஸ் கனத்துக்கொண்டே போனது. பாஷ் நிறுவனம் 1983இல் கேன் என்ற தகவல் வலையமைப்பை உருவாக்கத் தொடங்கி, 1986இல் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் வெளியிட்டது. 1990களின் தொடக்கத்தில் மெர்சிடீஸ் எஸ்-கிளாஸ் அதைப் பயன்படுத்தியது. முறுக்கிய இரண்டே வயர்களில் பல பெட்டிகள் மாறி மாறிச் செய்தி அனுப்பிக்கொள்ளும் முறை இது. இதனால் இன்று வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பொத்தான்கள், உள்ளே முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தவையாக இருக்கலாம். வயரை வெட்டுவதற்கு முன் அது எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் வேலையின் முதல் பாதி.

வகையைக் கண்டறிய அந்தக் காரின் வயரிங் படமும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் வேண்டும். பட்டறைகளில் கைக்கு எளிதாகக் கிடைக்கும் பல்பு டெஸ்டர் இங்கே ஆபத்தானது. அதன் பல்பு கணிசமான மின்சாரத்தை இழுக்கும். மில்லி ஆம்பியர்களில் வேலை செய்யும் மின்னணுப் பெட்டியின் உள்ளீட்டை அது கெடுத்துவிடக்கூடும். மல்டிமீட்டரின் உள்தடை சாதாரணமாக 10 மெகா ஓம். அது தொட்டதைப் பெட்டி உணரவே உணராது.

மிக எளிய வகை, ஒரு வயரை எர்த்தோடு இணைக்கும் பொத்தான். ஹாரன் பெரும்பாலும் இப்படித்தான். அழுத்தாதபோது வயரில் பேட்டரி மின்னழுத்தம் தெரியும். அழுத்தினால் சுழியத்துக்கு இறங்கும். இந்த வகைப் பொத்தானிலிருந்து நேராக ஒரு ரிலேயை இயக்கலாம்: ரிலேச் சுருளின் ஒரு முனைக்கு இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் மின்சாரம், மறுமுனைக்குப் பொத்தானின் எர்த். ஆனால் சுருளும் மின்சாரத்தை இழுக்கும் என்பதை மறக்கக் கூடாது. 85 ஓம் தடையுள்ள சுருள் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 140 மில்லி ஆம்பியர் எடுக்கும். பழைய காரின் ஹாரன் தொடர்புக்கு இது பொருட்டே அல்ல. ஸ்டீயரிங்கின் மெல்லிய பொத்தான்களுக்கு இது அதிகம்.

அந்த ஸ்டீயரிங் பொத்தான்கள் இரண்டாம் வகை. ஒலியைக் கூட்ட, குறைக்க, பாட்டை மாற்ற, க்ரூஸ் கண்ட்ரோலை அமைக்க, நீக்க என்று ஐந்தாறு பொத்தான்கள் இருக்கும். ஆனால் அவற்றிலிருந்து வெளியே வருவதோ இரண்டு வயர்தான். ஒவ்வொரு பொத்தானும் வெவ்வேறு மதிப்புள்ள மின்தடை வழியாக எர்த்தைத் தொடுவதுதான் இதன் சூட்சுமம். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் 5 வோல்ட்டிலிருந்து 1000 ஓம் தடை வழியாக வயருக்கு மின்னழுத்தம் வருகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. எதுவும் அழுத்தப்படாதபோது வயரில் 5 வோல்ட். 2200 ஓம் பொத்தானை அழுத்தினால் 3.44 வோல்ட், 1000 ஓம் என்றால் 2.5; 330 ஓம் என்றால் 1.24, 100 ஓம் என்றால் 0.45. பெட்டி இந்த மின்னழுத்தத்தை அளந்து எந்தப் பொத்தான் என்று புரிந்துகொள்கிறது. உண்மையான மதிப்புகள் காருக்குக் கார் மாறும், முறை மாறுவதில்லை.

இந்த வயரில் ரிலேயைத் தொங்கவிடுவது இத்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. 85 ஓம் சுருளை அங்கே சேர்த்தவுடன் எல்லாப் பொத்தான்களின் மின்னழுத்தமும் சரிந்துவிடும். பெட்டிக்கு 100 ஓம் பொத்தானை யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதாகத் தோன்றும். ரேடியோ தானாக ஒலியைக் கூட்டும், அல்லது க்ரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யாது. ரிலேயும் இழுக்காது, ஏனென்றால் அதற்கு வேண்டிய மின்னோட்டம் அந்த வயரில் கிடையவே கிடையாது. சரியான முறை, மின்னழுத்தத்தைத் தொந்தரவு செய்யாமல் பார்ப்பது. எல்எம்339 போன்ற சில்லில் இருக்கும் ஒப்பீட்டுச் சுற்றுகள் இரண்டைச் சேர்த்தால், குறிப்பிட்ட இரண்டு எல்லைகளுக்கு நடுவில் மின்னழுத்தம் இருக்கும்போது மட்டும் வெளியீடு தரும் சுற்று கிடைக்கும். ஆர்டுயினோ போன்ற சிறு கணிப்பொறிப் பலகை இன்னும் வசதி. அது 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்து அளக்கும், 1.24 வோல்ட் என்பது ஏறத்தாழ 254ஆவது படி. இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டு, 230க்கும் 280க்கும் இடைப்பட்டால் அந்தப் பொத்தான் என்று எழுதிவிடலாம். நடுவில் பத்தாயிரம் ஓமுக்குக் குறையாத ஒரு தடையைத் தொடராக வைத்தால், பலகை பழுதானாலும் காரின் வயருக்குச் சேதம் வராது.

பலகை முடிவெடுத்த பிறகும் அதன் கால் ஒன்றிலிருந்து ரிலேயை நேராக இயக்க முடியாது. அந்தக் கால் தருவது சில பத்து மில்லி ஆம்பியர்; சுருள் கேட்பது 140. இடையில் ஒரு டிரான்சிஸ்டரோ யுஎல்என்2003 சில்லோ வேண்டும். சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடும் வேண்டும். சுருளின் மின்சாரத்தைத் துண்டிக்கும் கணத்தில் அதன் காந்தப்புலம் சரிந்து, எதிர்த்திசையில் சில நூறு வோல்ட் வரை எகிறக்கூடும். டையோடு இல்லையென்றால் அது டிரான்சிஸ்டரைத் துளைத்துவிடும். 1என்4007 டையோடை அதன் பட்டை போட்ட முனை நேர்மின் பக்கம் இருக்குமாறு வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் நேரடி ஷார்ட். டையோடோ தடையோ உள்ளேயே பொருத்தப்பட்ட ரிலேக்களும் கடையில் கிடைக்கின்றன. டையோடு உள்ளவற்றில் 85, 86 முனைகளை மாற்றிக் கொடுக்கக் கூடாது.

ஸ்டீயரிங் பொத்தான்களின் வயர்கள் சக்கரத்தோடு சுழல வேண்டியிருப்பதால், சுருள் நாடா ஒன்றின் வழியாக ஸ்டீயரிங் தண்டுக்கு வருகின்றன. ஏர்பேகின் வயரும் அதே நாடாவில்தான் ஓடுகிறது. ஆகவே ஸ்டீயரிங்கைக் கழற்றி அதற்குள் வேலை செய்வதைவிட, நாடாவின் கீழ் முனையில், தண்டின் உறைக்குள் இணைப்பைத் தேடுவது புத்திசாலித்தனம். அதற்கும் முன்பாக பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றிவிட்டு, அந்தக் காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும்; ஏர்பேக் பெட்டி தனக்குள் சேமித்து வைத்திருக்கும் மின்சாரம் வடிய அவ்வளவு நேரம் ஆகும். மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் வயர்களை ஓம் மீட்டரால் தொடவே கூடாது. மீட்டரின் சிறு மின்னோட்டமே பையை வெடிக்க வைக்கப் போதுமானதாக ஆகிவிடலாம்.

மூன்றாம் வகையில் பொத்தானின் வயரை அளந்து ஒன்றும் தெரியாது. ஸ்டீயரிங்கிலேயே ஒரு சில்லு இருந்து, எந்தப் பொத்தான் என்பதை எண்களாக மாற்றி லின் என்ற ஒற்றை வயர் வலையில் அனுப்பும். ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் பெட்டி அதைக் கேன் வலைக்கு மாற்றிவிடும். லின் விநாடிக்கு 20,000 பிட் வரை. எஞ்சின் பக்கத்துக் கேன் பொதுவாக 5,00,000 பிட். ஃபோர்டு கார்களில் 1,25,000 பிட் வேகத்தில் இன்னொரு கேன் வலையும், ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 33,300 பிட் வேகத்தில் ஒற்றை வயர் கேனும் உண்டு. பொத்தான்களின் செய்தி பெரும்பாலும் மெதுவான வலையில்தான் போகும் என்பதால், எந்த வலையைக் கேட்பது என்பதே முதல் கேள்வி.

வலையைக் கேட்க எம்சிபி2515 போன்ற கேன் சில்லும் அதற்கான பலகையும் போதும். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாள எண்ணும், எட்டு பைட் வரை தகவலும் இருக்கும். செய்திகளைக் கணினியில் ஓடவிட்டு, வேண்டிய பொத்தானை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் பார்த்தால் ஏதோ ஓர் எண்ணின் ஏதோ ஒரு பிட் கூடவே மாறும். லினக்ஸில் இதற்கென்றே கேன்ஸ்னிஃபர் என்ற நிரல் இருக்கிறது. மாறிய பைட்டுகளை மட்டும் வண்ணமிட்டுக் காட்டும். பொறுமையான வேலைதான், ஆனால் வயரை வெட்டாத வேலை. சில்லைக் கேட்க மட்டும் செய்யும் நிலையில் வைப்பது இங்கே கட்டாயம். வலையில் தவறான செய்தியை அனுப்பினால் பாதிக்கப்படுவது ரேடியோ மட்டுமல்ல. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பேசிக்கொள்ளும் அதே தெருவில்தான் புதுக் கருவியும் நிற்கிறது. வலையின் இரு கோடிகளிலும் ஏற்கெனவே 120 ஓம் தடைகள் இருப்பதால், கடையில் வாங்கிய பலகையில் இருக்கும் மூன்றாவது தடையை நீக்கிவிட வேண்டும். சில நிறுவனங்கள் காரின் பழுதறியும் இணைப்பிக்குப் பின்னால் ஒரு காவல் பெட்டியை வைத்துவிட்டன. ஃபியட் கிரைஸ்லர் 2018 மாடல்களிலிருந்து அப்படிச் செய்தது. அக்கார்களில் வலையைக் கேட்க வேறு இடம் தேட வேண்டும்.

வயரே இழுக்காமல் முடியும் வழியும் ஒன்று உண்டு. இத்துறையின் மிக அழகான தீர்வு அதுதான். சுபாரு கார்களில் பின்கண்ணாடி ஈரத்தை உலர்த்தும் பொத்தானின் நிலை எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் போகிறது. கண்ணாடிச் சூடேற்றி நிறைய மின்சாரம் இழுப்பதால் ஆல்டர்னேட்டருக்குச் சுமை கூடும். எஞ்சின் ஐட்லிங்கில் தடுமாறாமல் இருக்கப் பெட்டி முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலை அந்த ஏற்பாட்டைச் செய்தது. எஞ்சின் நிரலை மாற்றி எழுதுபவர்கள் இதைக் கவனித்தார்கள். பெட்டிக்கு அந்தப் பொத்தான் ஏற்கெனவே தெரியும் என்பதால், அதை அழுத்தினால் வேறு எரிபொருள், வேறு இக்னிஷன், வேறு டர்போ அழுத்தம் கொண்ட அட்டவணைக்குத் தாவு என்று நிரலில் எழுதினால் போதும். க்ரூஸ் கண்ட்ரோல் பொத்தான்களும் அதே பெட்டிக்குத்தான் போகின்றன. நிசான் ஜிடி-ஆர், சுபாரு பிஆர்இஸட் போன்ற கார்களுக்கு ஈக்யூடெக் தரும் நிரல்கள் க்ரூஸ் பொத்தானாலேயே அட்டவணையை மாற்றுகின்றன. எந்த அட்டவணை ஓடுகிறது என்பதைச் சொல்லவும் காரின் சொந்த உறுப்புகளே பயன்படுகின்றன: எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அத்தனை முறை சிமிட்டும், அல்லது ஆர்பிஎம் முள் அந்த எண்ணுக்கு எழும்பி நிற்கும்.

எந்த வழியில் போனாலும் பொத்தானின் பழைய வேலை கூடவே நடக்கும் என்பதை எண்ணிப் பார்த்துத்தான் பொத்தானைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலியைக் கூட்டும் பொத்தானை லைன் லாக்குக்கு வைத்தால் ஒவ்வொரு முறையும் பாட்டு அலறும். பின்கண்ணாடிப் பொத்தானின் வெளியீட்டிலிருந்து ரிலேயை இயக்கினால், பல கார்களில் கால் மணி நேரத்தில் அது தானாக அணைந்துவிடும். தொழிற்சாலை வைத்த நேரக் கணக்கு அப்படி. மூடுபனி விளக்கின் வயரை எடுத்தால் ரிலே கிரீச்சிடலாம், காரணம் பல புதுக் கார்களில் விளக்குக்கு மின்சாரம் விநாடிக்கு நூறு முறைக்கு மேல் விட்டு விட்டுப் போகிறது. இன்னொன்று, இன்றைய பொத்தான்கள் பெரும்பாலும் அழுத்தியிருக்கும்வரைதான் தொடர்பைத் தரும். அழுத்தி விட்டால் இயங்கு, மறுபடி அழுத்தினால் நில் என்ற நினைவு வேண்டுமென்றால் அதைப் பலகையின் நிரலில் வைக்க வேண்டும். தொடர்புகள் மூடும்போது சில மில்லி விநாடி துள்ளும். அதை இரண்டு அழுத்தலாக எண்ணிவிடாமல் நிரல் சற்றுக் காத்திருந்து முடிவெடுக்க வேண்டும். இக்னிஷன் ஒவ்வொரு முறை போடும்போதும் நினைவு "நில்" என்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

ஏன் என்பதற்கு நைட்ரஸ் அமைப்பே சாட்சி. நைட்ரஸ் ஆக்சைடின் எடையில் 36 விழுக்காடு ஆக்சிஜன். காற்றில் அது 23. சூட்டில் நைட்ரஸ் ஆக்சைடு பிரியும்போது கூடுதல் ஆக்சிஜன் கிடைக்க, கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப் படை உயரத்தில் பறக்க இதைப் பயன்படுத்தியது. அமெரிக்க டிராக் பந்தயக்காரர்கள் பின்னாளில் காருக்குக் கொண்டுவந்தார்கள். சாலினாய்டு வால்வு திறந்தால் விநாடிக்கு ஒரே அளவு வாயு போய்க்கொண்டிருக்கும், எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும். ஆகவே 3000 ஆர்பிஎம்மில் ஒரு சுழற்சிக்குப் போகும் அளவைப் போல் 1500இல் இரண்டு மடங்கு உள்ளே போகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறி பிஸ்டனோ கனெக்டிங் ராடோ உடையும். த்ராட்டில் மூடியிருக்கும்போது திறந்தால் வாயுவும் பெட்ரோலும் இன்டேக் குழாயில் தேங்கி அங்கேயே வெடிக்கும்.

அதனால் நைட்ரஸ் ரிலேச் சுருளின் பாதையில் நான்கு நிபந்தனைகளைத் தொடராக வைப்பது நல்ல பட்டறைகளின் வழக்கம். ஓட்டுநர் ஆயத்தம் என்று சொல்லும் பொத்தான், ஆக்சிலரேட்டர் முழுவதும் அழுந்தியிருப்பது, ஆர்பிஎம் சுமார் 3000க்கு மேலும் எஞ்சினின் உச்ச வரம்புக்குக் கீழும் இருப்பது, பெட்ரோல் அழுத்தம் குறையாமல் இருப்பது. இதில் எது அறுந்தாலும் ரிலே விழுந்து வால்வு மூடிவிடும். காரின் சொந்தப் பொத்தானுக்குக் கொடுக்கத்தக்க இடம் முதலாவது மட்டுமே. ஆக்சிலரேட்டரின் நிலையைக் கட்டைவிரலை நம்பி விடக் கூடாது. த்ராட்டில் உணரியின் வயரில் ஏறத்தாழ அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை ஏறும் மின்னழுத்தமே அதைச் சொல்லிவிடும். நைட்ரஸ் சாலினாய்டுகள் பத்து இருபது ஆம்பியர் கூட இழுக்கும் என்பதால் 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே அவசியம். ஸ்டீயரிங் பொத்தானை மட்டும் நம்பி, எந்த நிபந்தனையும் இல்லாமல் நைட்ரஸைத் திறக்கும் இணைப்பு தவறானது. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

எக்ஸாஸ்ட் வால்வு இதோடு ஒப்பிட்டால் சாதுவான பிராணி. 2006இல் வந்த ஷெவர்லே கார்வெட் ஸீ06 காரில் வெற்றிட அழுத்தத்தால் மூடும் வால்வுகள் தொழிற்சாலையிலேயே இருந்தன; எஞ்சின் வேகம் கூடினால் அவை திறந்து ஒலி பெருகும். வெற்றிடம் போனால் ஸ்பிரிங் வால்வைத் திறந்துவிடும். இதைத் தெரிந்துகொண்ட உரிமையாளர்கள் அந்தச் சுற்றின் ஃபியூஸைப் பிடுங்கி எப்போதும் முழு ஒலியோடு ஓட்டினார்கள்; பிறகு ஃபியூஸின் இடத்தில் ரிலே ஒன்றை வைத்து வேண்டும்போது மட்டும் திறந்துகொள்ளும் சாதனங்கள் சந்தைக்கு வந்தன. வெற்றிடத்தைக் கட்டுப்படுத்தும் சாலினாய்டின் சுருள் இழுக்கும் மின்சாரம் சொற்பம் என்பதால் சிறிய ரிலே போதும். மின்மோட்டாரால் திறக்கும் கட்-அவுட் வால்வுகளுக்கு மட்டும் ஐந்து முனை ரிலே இரண்டு வேண்டும். திறக்கவும் மூடவும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் திசையை மாற்ற வேண்டியிருக்கிறது.

லைன் லாக் முன்சக்கர பிரேக் குழாயில் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சாலினாய்டு. பின்சக்கரங்கள் மட்டும் சுழன்று டயர் சூடேற இது உதவுகிறது. அழுத்தியிருக்கும்வரைதான் இயங்க வேண்டும்; அழுத்தி விட்டபின் நினைவில் நிற்கும் ஏற்பாட்டில் இதை இணைக்கக் கூடாது. சுருளில் நெடுநேரம் மின்சாரம் ஓடினால் அது சூடாகும் என்பதும் இதற்கு இன்னொரு காரணம். 2015 முஸ்டாங் ஜிடியில் ஃபோர்டு இதைத் தொழிற்சாலையிலேயே கொடுத்தது. புதுப் பொத்தான் எதுவும் வைக்கவில்லை, ஸ்டீயரிங்கின் மெனு பொத்தான்களே அதையும் இயக்கின. டிராக் கார்களின் டிரான்ஸ்பிரேக், கியர்பெட்டியின் முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் பூட்டி வண்டியை அசையாமல் நிறுத்தும். பொத்தானை விட்ட கணம் வண்டி பாயும். ஹாரன் பொத்தானை அதற்கு மாற்றிக்கொள்வோர் உண்டு. சாலையிலும் ஓடும் வண்டியென்றால் ஹாரனுக்கு இடம் இருந்தே ஆக வேண்டும்.

உற்பத்தியாளரே இத்தகைய வேலைக்கு இடம் விட்ட கார்களும் உண்டு. ஃபோர்டு சூப்பர் டியூட்டி வண்டிகளில் கூடுதல் கருவிகளுக்கான சுவிட்ச் வரிசையை வாங்கும்போதே கேட்டுப் பெறலாம். ஃபியூஸும் ரிலேயும் ஏற்கெனவே உள்ளே இருக்க, டாஷ்போர்டின் அடியில் வெட்டிய முனைகளோடு வயர்கள் காத்திருக்கும். இழுவை வண்டி, பனி அகற்றும் வண்டி போன்றவற்றுக்காக வைத்த ஏற்பாடு அது. அமெரிக்கக் காவல் துறைக்கென வரும் ஃபோர்டு வண்டிகளில் ஸ்டீயரிங்கிலேயே வேண்டிய வேலைக்கு மாற்றிக்கொள்ளத்தக்க பொத்தான்கள் கிடைக்கின்றன. இப்படிக் கதவு திறந்திருக்கும் வண்டியில் சுவரை இடிக்கத் தேவையில்லை.

வயரிங் வேலையில் பெரும்பாலான பழுதுகள் இணைப்பிலிருந்தே வருகின்றன. மேல்தோலைக் கிழித்து முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும். சரியான கருவியால் நசுக்கிய டெர்மினல், அதன்மேல் சூட்டில் சுருங்கும் குழாய் என்பதுதான் நிலைக்கும். வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் மெல்லிய இழைகளை அறுத்துவிடுவதால் தவிர்க்கத்தக்கவை. கருவிக்கான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து நேராக எடுத்து, ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது கருவியை அல்ல, வயரை. ஆகவே வயர் தாங்கும் அளவுக்கே ஃபியூஸ். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும் என்பதால், மின்னணுப் பலகைக்குக் காருக்கென்றே செய்த 5 வோல்ட் மாற்றி தேவை. வீட்டுச் சாதனங்களின் மாற்றி காரின் திடீர் எழுச்சிகளைத் தாங்காது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் உதிரிப் பாகம் பொருத்திய ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை மறுக்க முடியாது என்று 1975இன் மேக்னுசன்-மாஸ் சட்டம் சொல்கிறது. பழுதுக்கு அந்தப் பாகமே காரணம் என்று உற்பத்தியாளர் காட்ட வேண்டும். ஆனால் புகைக் கட்டுப்பாட்டைச் செயலிழக்கச் செய்யும் எந்த இணைப்பையும் அங்குள்ள தூய காற்றுச் சட்டம் தடுக்கிறது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதற்குத் தடை விதிக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டையும் விதிக்க இடம் தருகிறது. நைட்ரஸும் லைன் லாக்கும் இங்கே இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற மூடிய பாதைகளுக்கு உரியவை. அங்கும் போட்டி விதிகள் இடம் தந்தால்தான்.

வேலை முடிந்ததும் சோதனை தலைகீழாகத் தொடங்க வேண்டும். முதலில் கருவியைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஒரு பல்பை வைத்துப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வயரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி, எது அறுந்தாலும் பல்பு அணைகிறதா என்று பார்க்க வேண்டும். பொத்தானின் வயரை வேண்டுமென்றே எர்த்தில் தொட வைத்து, அது ஒட்டிக்கொண்டால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பொத்தான் அழுந்தியே இருந்தால் நிரல் அதைப் பழுதாகக் கருதி நிறுத்திவிட வேண்டும். இக்னிஷனை அணைத்து நாற்பது நிமிடம் கழித்து பேட்டரியிலிருந்து எத்தனை மில்லி ஆம்பியர் வடிகிறது என்று அளப்பதும் அவசியம். 50க்கு மேல் இருந்தால் புதுப் பலகை தூங்கவில்லை என்று பொருள்.

புதிய இணைப்புகள் அனைத்தையும், வயரின் நிறம், ஃபியூஸின் அளவு, ரிலே இருக்கும் இடம், எடுத்துக்கொண்ட பொத்தான் ஆகியவற்றோடு ஒரு தாளில் வரைந்து, வண்டியின் கையேட்டோடு வைத்துவிடுங்கள். அடுத்து அந்த டாஷ்போர்டைத் திறக்கப்போகும் மெக்கானிக்கிடம் இருக்கும் தொழிற்சாலை வயரிங் படத்தில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது.